காற்றாடிமலைக்கு அப்பால்

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பங்கு மக்களை ஏதேனும் ஒரு திருத்தலத்திற்கு அழைத்துச் செல்வது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. வேளாங்கண்ணிக்குப் பன்முறை சென்றாயிற்று. ஓரியூரையும் ஏலாக்குறிச்சியையும் தரிசித்தாயிற்று. சென்ற ஆண்டு, புனித தேவசகாயம் நடந்த மண்ணைக் கண்டு வருவதெனப் பங்குப் பேரவையில் முடிவு செய்தோம். மதுரைப் பக்கத்திலிருந்து இரவில் புறப்பட்டால் விடியலில் நாகர்கோவில். ஒரு பேருந்து, ஐம்பத்திரண்டு பேர், இரண்டு பெரிய பாத்திரங்களில் புளியோதரை. செபமாலை முடிந்து, வண்டி விருதுநகரை எட்டுமுன்பே பாதிப்பேர் உறங்கிப் போயினர். நான் உறங்கவில்லை. மறுநாள் மலைமேல் ஆற்றவேண்டிய மறையுரையை மனத்திற்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அடுக்குவதற்கு ஒன்றுமில்லை. குருத்துவப் பயிற்சிக் காலந்தொட்டே அந்த வேதசாட்சியின் வரலாறு எனக்கு மனப்பாடம். 1712-இல் நட்டாலத்தில் நீலகண்டனாய்ப் பிறந்தவர். மார்த்தாண்டவர்மர் காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் பணிபுரிந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி சுவாமிகளின் கையால் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவர். 1749-இல் சிறைப்பட்டு, எருமை மேல் ஏற்றி ஊரூராய் அலைக்கழிக்கப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்தவர். 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15-இல் உரோமையில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இவற்றையெல்லாம் ஆண்டும் நாளும் பிசகாமல் என்னால் ஒப்பிக்க முடியும். எத்தனை மறையுரைகளில் ஒப்பித்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

முதலில் நட்டாலம் சென்று வணங்கினோம். பின்னர் புலியூர்க்குறிச்சி. தாகத்தால் வாடிய அந்தக் கைதி தம் முட்டினால் பாறையை இடிக்க நீர் சுரந்தது என்பது மக்கள் மரபு. அந்த நீரைப் புட்டிகளில் நிரப்ப எங்கள் மக்கள் நெருக்கியடித்ததில் என் கண்ணாடி கீழே விழுந்து ஒரு காது முறிந்தது. அன்று முழுவதும் நூல் கட்டிய கண்ணாடியோடுதான் யாத்திரை.

அருகிலேயே உதயகிரிக் கோட்டை. மரங்களடர்ந்த அக்கோட்டையினுள் மேற்கூரையற்ற சிற்றாலயமொன்றில் தெ லனாய் தளபதியின் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து சிறைப்பட்டவர், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார், 1777-இல் இறந்தார். கால்நடைகள் மடிந்து மனமொடிந்திருந்த நீலகண்டனுக்கு யோபுவின் கதையைச் சொல்லித் தேற்றியவர் இவரே. அவ்விடத்தில் நின்றபோதுதான், பலகாலம் படித்தும் கவனியாத ஒன்று எனக்குத் தோன்றிற்று. யோபு இழந்தாரே ஏழு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள்; அவர்கள் யோபுவின் மனைவிக்கும் பிள்ளைகள் அல்லரோ? அந்த அம்மாளும் ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். வேதத்தில் அவள் பேசுவதாக வருவது ஒரேயொரு பேச்சு. அதை வைத்தே நாம் அவளைப் பழித்து வருகிறோம். எண்ணம் வந்த வேகத்தில் போயும்விட்டது. வண்டியோட்டுநர் அவசரப்படுத்தினார்.

கோட்டாற்றில் புனித சவேரியார் பேராலயம். காட்டில் எறியப்பட்ட உடலின் எலும்புகளை விசுவாசிகள் எடுத்துவந்து அடக்கம் செய்தது இங்கேதான். மதிய உணவுக்குப் பின் காற்றாடிமலைக்குப் புறப்பட்டோம்.

ஆரல்வாய்மொழி என்பது மலைத்தொடரில் இயற்கை விட்ட வாசல். இந்தப் பக்கம் திருவிதாங்கூர். அந்தப் பக்கம் அக்காலத்துப் பாண்டிநாடு. அந்த வாசலில் புகுந்து வெளிவரும் காற்றுக்கு ஓய்வே இல்லை. முப்பந்தல் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. அவை வருமுன்னரே இம்மலைக்குக் காற்றாடிமலை என்று பெயரிட்ட முன்னோரின் பொருத்தத்தை வியந்துகொண்டே மேலேறினோம். முதியோரைக் கைபிடித்து ஏற்றினர் இளைஞர். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறையொன்று அங்குண்டு. சிறுவர் அதைத் தட்டித் தட்டி, கோயிற்பிள்ளை அதட்டிய பின்னரே ஓய்ந்தனர். சுடப்படுமுன் அவர் முழந்தாளிட்டுச் செபித்ததாகச் சொல்லப்படும் இடத்தில் அனைவரும் மண்டியிட்டோம். என் மறையுரையும் நடந்தது. நன்றாகவே நடந்தது என்றுதான் எண்ணுகிறேன்; காற்று பாதியைத் தூக்கிச் சென்றாலும்.

எல்லோரும் இறங்கத் தொடங்கியபின் ஒரு பெண்மணி மட்டும் நின்றார். நாற்பது வயதிருக்கும். எங்கள் பங்கில் தையல் வேலை செய்பவர். பொங்கலுக்குத் தைக்கவேண்டிய துணிகளையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு, வாராது வந்த ஓய்வாக இப்பயணத்தில் சேர்ந்திருந்தார். கணவர் வரவில்லை.

“ஏன் சாமி, அவரு சம்சாரம் பெறகு என்ன ஆனாங்க?”

எனக்கு உடனே விடை வரவில்லை. ஆண்டும் நாளும் பிசகாமல் ஒப்பிக்கும் வாய் அடைத்துப் போயிற்று. பழைய வரலாற்று நூலொன்றில் கடைசிப் பக்கத்தில் படித்த இரண்டு வரிகளை மெல்ல நினைவுகூர்ந்தேன். பார்கவி என்பது அவருடைய பெயர். கணவரைத் தொடர்ந்து ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார், அதாவது தெரேசாள். கணவர் கொல்லப்பட்டபின் மலைக்கு அப்பால் வடக்கன்குளத்தில் வாழ்ந்து 1766-இல் இறந்தார்.

அந்த அம்மாள் விரல்விட்டுக் கணக்கிட்டார். “பதினாலு வருசம். அவுகளுக்குச் சாப்பாட்டுக்கு வழி?”

நான் என்ன சொல்வேன்? ஞானப்பூவின் சாப்பாட்டுக்கு வழி என்னவென்று எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை வாசகர்களுக்குச் சொல்லியாகவேண்டும். அவருடைய கணவர் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கராய் இருந்தவர். பொய்க்கணக்கில் கையெழுத்திட மறுத்ததால், ஒன்றரை ஆண்டுக்கு முன் வேலையிழந்தார். செய்தி என் காதுக்கு எட்டியதும், நான் பூரிப்படைந்து, அடுத்த ஞாயிறே பீடத்திலிருந்து, பெயர் சொல்லாமல், ஆனால் ஊருக்கே புரியும்படி, ‘இக்காலத்துத் தேவசகாயம்’ என்று அவரைப் புகழ்ந்தேன். மக்கள் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தனர். அதோடு என் கடமை முடிந்ததாக எண்ணிக்கொண்டேன். அவர்கள் வீட்டு வாசலை அதன்பின் நான் மிதிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. சென்ற நவம்பரில் எங்கள் பள்ளியிலிருந்து கட்டணம் செலுத்தாத பெற்றோர்க்கு நினைவூட்டுக் கடிதங்கள் சென்றன. அலுவலர் கட்டாய்க் கொண்டுவந்து வைத்தவற்றில், தாளாளர் என்ற முறையில், பெயரைக்கூடப் பார்க்காமல் கையொப்பமிட்டேன். அக்கட்டில் அவர்கள் வீட்டுக் கடிதமும் இருந்ததென்பதை, மலையிலிருந்து இறங்கும்போது அந்த அம்மாள் குறையாகவன்றி, தவணை கேட்கும் தொனியில் சொல்லித்தான் அறிந்தேன்.

கீழே வந்ததும் வண்டியோட்டுநரிடம், “வடக்கன்குளம் போய்ச் செல்வோம்” என்றேன். திட்டத்தில் இல்லாத ஊர். கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைக் காணலாமென்று காத்திருந்த இளைஞர்களின் முகம் வாடியது. காவல்கிணறு வழியாகத் திரும்பிச் சென்றோம்.

வண்டியில் என் எண்ணமெல்லாம் அந்த வழியைப் பற்றியே இருந்தது. கணவனின் இரத்தம் விழுந்த மலையைக் கடந்துதான் ஞானப்பூ இப்பக்கம் வந்திருக்கவேண்டும். அவர் பிறந்த குலத்தில் வீடும் நிலமும் தாய்வழியே இறங்குவது அந்நாள் வழக்கம். ஆகவே அவர் இழந்தது கணவனின் சம்பாத்தியத்தை மட்டுமன்று; தமக்கே உரிய தாய்வீட்டின் நிழலையும் இழந்திருப்பார். கணவர் மூன்றாண்டுகள் வதைப்பட்டார். அவருடைய துன்பத்திற்குச் சாட்சிகள் இருந்தனர், அவர் இருக்குமிடம் தேடி மக்கள் வந்தனர். மனைவியின் பதினான்கு ஆண்டுகளுக்குச் சாட்சி யார்? விறகு, உப்பு, எண்ணெய், காய்ச்சல், தனிமை. அவற்றைப் பற்றி எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. மீண்டும் பழைய குலத்திற்குத் திரும்பியிருந்தால் ஒருவேளை தாய்வீட்டுக் கதவு திறந்திருக்கும். அவர் திரும்பவில்லை என்பது மட்டும் தெரிகிறது. வடக்கன்குளத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கமாகியிருப்பதே அதற்குச் சான்று.

வடக்கன்குளம் என்றதும் நம்மவர் தலைகுனிய வேண்டிய செய்தியொன்றும் நினைவுக்கு வரும். தாழ்ந்தோர் எனப்பட்டவர்களோடு கலந்து பழகினார் என்பதும் தேவசகாயத்தின்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. அவர் ஞானஸ்நானம் பெற்ற இதே ஊரில், 1872-இல், சாதிக்கொரு பக்கமாய் இரண்டு கால்களாகப் பிரித்து ஆலயம் கட்டினார்கள். நடுவே நின்ற தடுப்பைக் கௌசானல் சுவாமிகள் 1910-இல் இடித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. அவரைப் புனிதராக உயர்த்தியபோது பெயரின் பின்னிருந்த சாதிப்பட்டத்தை உரோமை நீக்கிவிட்டது. எங்கள் வண்டியிலோ சிலர் இன்னும் பழைய பட்டத்தோடுதான் அவரை அழைத்துக்கொண்டிருந்தனர். வழக்கத்தால் சொல்கிறார்களா, வேறெதனாலா என்று நான் துருவவில்லை. துருவியிருக்கவேண்டும்.

கல்லறைத் தோட்டத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிகாட்டினார். இங்கே வரிசையில்லை, கடையில்லை, நெருக்கடியில்லை. ஐம்பத்திரண்டு பேரும் என்ன செய்வதென்று அறியாதவர்போல் சற்று நின்றோம். மறையுரை ஒன்றும் நான் நிகழ்த்தவில்லை. ஒரு பரலோக மந்திரம், ஒரு மங்கள வார்த்தை செபம், அவ்வளவே. மெழுகுதிரியை ஏற்ற முயன்றோம், காற்றில் நிற்கவில்லை. அந்த அம்மாள் தம் கைப்பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து வைத்தார். காலையில் கோட்டாற்றில் வாங்கியது, வாடியிருந்தது.

மேற்கே மலை கறுத்துத் தெரிந்தது. கணவர் மலைக்கு அந்தப் பக்கம் கோட்டாற்றில். மனைவி இந்தப் பக்கம் வடக்கன்குளத்தில். தெ லனாயின் கல்லறைக்கு அருகிலேயே அவர் மனைவியையும் அடக்கம் செய்திருப்பதை அன்று காலை கண்டிருந்தோம். இவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். முன்னறையில் தையல் இயந்திரம். அதனருகே கணவர் அமர்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, ஊசியை எங்கே வைப்பதென்று தெரியாமல் காலரில் குத்திக்கொண்டார். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. இளையவன் ஆறாம் வகுப்பு. நான் கட்டணத்தைப் பற்றி எடுத்தேன், இனி அதைப் பொருட்படுத்த வேண்டாமென்று. அந்த அம்மாள் உடன்படவில்லை.

“கட்டிடுறோம் சாமி. மாசம் இவ்வளவுன்னு பிரிச்சு மட்டும் குடுங்க. புள்ளைக கணக்குல சும்மா படிக்குதுகன்னு இருக்க வேண்டாம்.”

அப்படியே எழுதிக் கொடுத்தேன். மடத்துக் கன்னியருக்கும் பாடற்குழுவினருக்கும் அங்கி தைக்கும் வேலை வெளியூர்க் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை இங்கேயே தரலாமென்ற யோசனை, சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நிமிடம்வரை எனக்கு உதித்ததில்லை. கணவருக்கு வேறு வேலை தேடித்தர நான் எழுதிய கடிதங்களுக்கு இதுவரை இரண்டு பதில்கள் வந்துள்ளன. இரண்டும் மரியாதையான மறுப்பு. மூன்றாவதற்காகக் காத்திருக்கிறோம்.

காப்பி வந்தது. கணவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே சென்றதும், அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“சாமி, கோவிச்சுக்கக் கூடாது. இனிமே பிரசங்கத்துல இவரப்பத்திச் சொல்லாதீக. அன்னையிலருந்து இவரு முன்வரிசைல உக்காரவே கூசுறாரு. தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிர்றாரு.”

ஒன்றரை ஆண்டாய் அந்தத் தூணுக்குப் பின்னால் ஒருவர் நிற்பதை நான் பீடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“சரியம்மா” என்றேன். கணவர் செம்பை வைத்துவிட்டு மீண்டும் பொத்தானை எடுத்தார். மறுநாள் காலை கொடுக்கவேண்டிய துணியாம். என்னிடம் ஒரு வார்த்தை உத்தரவு கேட்டுவிட்டு, அந்த அம்மாள் இயந்திரத்தின் முன் அமர்ந்து மிதிக்கத் தொடங்கினார். காப்பி முடியும்வரை நான் அங்கேயே அமர்ந்திருந்தேன்.