காட்பாடி ஜங்ஷனில் ஒரு 'சா... பூ... த்ரீ!'

காட்பாடி ஜங்ஷனில் காதில் விழுவது தமிழ் மட்டுமல்ல. தெலுங்கு, இந்தி, வங்காளம், அசாமி என எல்லாம் கலந்து கேட்கும். பெட்டி, போர்வை, ஸ்கேன் கவர் சகிதம் இறங்கும் குடும்பங்கள் பல, பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்குப் போகிறவை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது அது. இன்று வேலூர் லாட்ஜ்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பெயர்ப்பலகையே வங்க எழுத்தில் இருக்கும்.

சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என நாலு பக்கமும் தண்டவாளம் பிரியும் ஜங்ஷன் என்பதால், காத்திருப்பதும் இங்கே அதிகம். பெரியவர்களுக்கு செல்போன் போதும். பிள்ளைகளுக்குத்தான் நேரம் நகராது.

ஒரு மாலை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாவுடன் ஜோலார்பேட்டை பாசஞ்சருக்காக அக்காவும் தம்பியும் நிற்கிறார்கள். ரயில் வரும் முன்பே ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"சா பூ த்ரீ போட்டுப் பார்க்கலாம்டா!" என்றாள் அக்கா.

தமிழ்நாட்டுத் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடிய யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காக: எல்லோரும் கைகளைச் சேர்த்து ஆட்டி, 'த்ரீ' சொல்லும்போது உள்ளங்கையை மல்லாத்தியோ கவிழ்த்தோ வைக்க வேண்டும். ஒருவர் கை மட்டும் மாறி இருந்தால் அவர் 'பழம்', தப்பித்தார்.

ஆனால், இரண்டே பேர் இருந்தால் இந்த ஆட்டம் செல்லாது. இருவர் கையும் வேறு வேறாக விழுந்தால் யார் பழம்? அதற்குத்தான் 'ஒப்புக்குச் சப்பாணி'யாக மூன்றாவது கை ஒன்றைக் கூப்பிடுவது. மூன்று கைகள் விழ மொத்தம் 8 விதம். 2-ல் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். இன்னும் 2-ல் ஒப்புக்கு வந்தவரே பழமாகிவிடுவார், அதுவும் செல்லாது. மீதி 4-ல்தான் முடிவு தெரியும். பாதிக்குப் பாதி!

அம்மா கையில் சாப்பாட்டுப் பை. பக்கத்து பெஞ்சில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹவுரா ரயிலுக்குக் காத்திருக்கும் குடும்பம். இடது புறங்கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி. தம்பி அவனை நோக்கிக் கையை நீட்டி ஆட்டிக் காட்டினான். பையன் தன் அம்மாவைப் பார்த்தான். அவர் தலையசைத்ததும் வலது கையோடு வந்து சேர்ந்தான்.

யாரும் விதியைச் சொல்லித் தரவில்லை. வடக்கே 'புகம் புகாய்' என்றும், காட்பாடியைத் தாண்டினால் வந்துவிடும் ஆந்திரத்தில் 'பண்டலு' என்றும் இதே மல்லாத்திக் கவிழ்க்கும் வழக்கம் உண்டு. தெலுங்கில் பண்டலு என்றால் விளைச்சல். அங்கே விளைச்சல், இங்கே பழம்! இந்தோனேசியாவில் 'ஹோம்பிம்பா', பிலிப்பைன்ஸில் 'மைபா தாயா'. ஜப்பானியப் பிள்ளைகள் கல், கத்தரி, காகிதம் காட்டும் 'ஜான்கென்' போடுவார்கள். அதில் இரண்டு பேரே போதும், மூன்றாவது ஆளைத் தேட வேண்டியதில்லை.

முதல் தடவை ஒப்புக்கு வந்தவனே பழம். இரண்டாவது தடவையும் அவனே. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் அம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். ஆம்பூரில் உருது பேசுகிறவர்கள் நிறைய. அந்தப் பழக்கத்தில் ஷூ கம்பெனி அம்மாவுக்கும் கொஞ்சம் இந்தி வரும். பையன் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வர வேண்டுமாம்.

நான்காவது தடவை அக்கா பழம். ஜன்னல் சீட் முடிவாகிவிட்டது. சாதாரணமாக அதற்குப் பிறகுதான் ஓட்டம் ஆரம்பிக்கும். இங்கே யாரும் ஓடவில்லை. எதற்காக என்றே இல்லாமல் மூவரும் மறுபடி, மறுபடி 'சா பூ த்ரீ'யே போட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் 'பொழம்' என்று கத்தக் கற்றுக்கொண்டான்.

பாசஞ்சர் வந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே கையை மல்லாத்தி நீட்டினாள். தம்பியும் இடித்துக்கொண்டு தன் கையை மல்லாத்தினான். பிளாட்பாரத்தில் பிளாஸ்திரி போட்ட கை கவிழ்ந்தது.

"பழம்!" என்றார்கள் இருவரும். ரயில் நகர்ந்தது.