பூக்குமுங்க, காய்க்குமா?

போன மாதம் கோவையில் ஒரு செடி விற்பனையில் பார்படாஸ் செர்ரியை ‘அழகுச் செடி’ என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். வாங்க வந்த அம்மிணி ஒருத்தர், “இது காய்க்குமாங்க?” என்று கேட்டார். விற்ற தம்பி, “நல்லா பூக்குமுங்க” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வருசக்கணக்காக மொட்டை மாடியில் இந்தப் பழத்தைப் பறித்துத் தின்கிறவன் நான். 1946-ல் போர்ட்டோ ரிக்கோவில் அசென்ஹோ என்பவரும் கூட இருந்தவரும் ஆராய்ந்து, இதில் வைட்டமின் சி கொட்டிக் கிடக்கிறது என்று எழுதினார்கள். 100 கிராமில் 1,000 மில்லிகிராமுக்கு மேல். நம் நெல்லிக்காயையே மிஞ்சும். கனிந்ததைவிடக் காயில்தான் அதிகம். ஆனால் பறித்த இரண்டு மூன்று நாளில் அழுகிவிடும். அதனால் இது உழவர் சந்தைக்கு வராது. வேண்டுமென்றால் வீட்டில்தான் வளர்க்க வேண்டும். மண் கலவை, கவாத்து எல்லாம் தெரிந்த சங்கதிதான், விடுங்கள்.

சிக்கல் பூவில் இருக்கிறது. ரோஸ் நிறத்தில் செடி நிறையப் பூக்கும், இரண்டொரு நாளில் அத்தனையும் தரையில் கிடக்கும். உரம் போதவில்லை என்று கடைக்காரர் இன்னொரு மூட்டையைத் தலையில் கட்டுவார். உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் பூவில் தேன் கிடையாது. பூவுக்கு அடியில், புல்லி இதழ்களின் வெளிப்புறச் சுரப்பிகளில் எண்ணெய்தான் ஊறும். இதன் சொந்த நாட்டில் அந்த எண்ணெயை வழித்தெடுக்கவே சென்ட்ரிஸ் என்றொரு தேனீ இனம் உண்டு. எண்ணெய்க்கு வரும்போது மகரந்தத்தையும் சுமந்து போகும். நம்மூரில் அது இல்லை. கொசுத்தேனீ வந்து உட்காரும், போகும். காரியம் அவ்வளவாக ஆகாது.

ஆகவே நாம்தான் தேனீ வேலை பார்க்க வேண்டும். காலையில், வெயில் ஏறுமுன், மெல்லிய பிரஷ்ஷில் மகரந்தத்தைத் தொட்டு அடுத்த செடியின் சூல்முடியில் தடவ வேண்டும். அடுத்த செடி என்றால் வேறு தாயின் செடி. ஒரே தாய்ச்செடியில் வெட்டிய குச்சிகளைப் பத்துத் தொட்டியில் நட்டாலும் அது ஒரே செடிதான். எங்கள் பக்கம் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பெண் எடுக்க மாட்டோம். இதுவும் பெரும்பாலும் அந்தக் கட்சி. சிலர் ஹார்மோன் தெளித்துப் பிஞ்சு பிடிக்க வைக்கிறார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. வாயில் போடுகிற பழம் அல்லவா.

பிடித்த பிஞ்சு மூன்று, நான்கு வாரத்தில் பழுத்துவிடும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும்போது மட்டும் தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி வையுங்கள்.

வேர்முடிச்சு நூற்புழு இந்தச் செடிக்கு ஜென்மப் பகை. செடிக் கடைகளில் பழைய மண்ணையே திரும்பத் திரும்பப் பையில் நிரப்பி விற்கிறார்கள். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வருகிறது. முன்பெல்லாம் வேப்பம்புண்ணாக்குக் கலக்காமல் மண்ணைத் தொட மாட்டார்கள். இப்போது தேங்காய் நார்த்தூளில் நட்டு, முதல் பூவில் படம் பிடித்துப் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுகிறார்கள். 1906-ல் சைதாப்பேட்டையிலிருந்து வேளாண் கல்லூரி வந்து சேர்ந்த ஊர் கோவை. இங்கே செடி விற்கிறவனுக்கு மகரந்தச் சேர்க்கை தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். இரண்டு செடியாக வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு தாயின் பதியமா என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.