அந்த நூற்றெண்பத்தைந்து விமானங்கள்

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் போர்விமானப் புத்தகங்களுக்கென்று தனி அடுக்கு கிடையாது. பி.யு.சி. வேதியியலுக்கும் பெரி மேசனுக்கும் நடுவே எங்காவது செருகியிருக்கும். பெரும்பாலும் பான் பேப்பர்பேக். அட்டையில் சாய்ந்து திரும்பும் ஒரு ஸ்பிட்ஃபயர், மூலையில் புகை கக்கி விழும் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட். முதல் பக்கத்தில் யாரோ ஒருவருடைய பெயரும், வெலிங்டன் என்றோ ஆவடி என்றோ ஊரும். கையிலிருக்கும் காசுக்கு ஒன்றுதான் வரும் என்பதால் மற்றதை நின்றபடியே முடிந்தவரை படித்துவிடுவேன். "தம்பி, ஏரோப்ளேன் புக்கு வந்திருக்கு, கீழ பாரு" என்று கடைக்காரரே சொல்லுமளவுக்குப் பழக்கம்.

1985 மே மாதம் அந்தக் கட்டடம் எரிந்தது. கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. என் புத்தகங்களுக்குத் தீ தேவைப்படவில்லை, கரையானே போதுமாக இருந்தது. மிச்சத்தை வீடு மாறும்போது எடைக்குப் போட்டோம். இதில் புலம்ப ஒன்றுமில்லை. அவற்றில் பலவும் இன்று இணையத்தில் விலைக்குக் கிடைக்கின்றன. நான் ஏங்குவது வேறொன்றுக்கு.

எங்கள் வீடு தாம்பரத்தில். விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி அங்கே இருந்ததால் வானம் சும்மா இருந்ததாக நினைவில்லை. ஆனால் அந்தக் கிரண் ஜெட்டுகள் வட்டமடிக்கும், இறங்கும், மறுபடி ஏறும், அவ்வளவுதான். சண்டைக்குப் புத்தகத்திடம்தான் போகவேண்டும். பால் பிரிக்ஹில்லின் 'ரீச் ஃபார் தி ஸ்கை' அப்படித்தான் கைக்கு வந்தது. 1931-இல் வுட்லி மைதானத்தில் தாழப் பறந்து சாகசம் காட்டப்போய் இரண்டு கால்களையும் இழந்த டக்ளஸ் பேடர், செயற்கைக் கால்களோடு திரும்பிவந்து 1940-இல் போர்விமானப் படைப்பிரிவை நடத்திய கதை. எழுதிய பிரிக்ஹில்லும் லேசுப்பட்டவர் அல்ல. துனீசியாவுக்கு மேலே சுடப்பட்டு ஜெர்மானியரிடம் சிறையிருந்த ஸ்பிட்ஃபயர் விமானி. அதற்குப் பிறகு பியர் குளோஸ்டெர்மன், பாலன்டைன் வெளியிட்ட படம் நிறைந்த போர் வரலாற்று வரிசை, புரொஃபைல் என்ற ஒல்லிப் புத்தகங்கள். புரொஃபைலில் நடுப்பக்க வண்ணப்படம்தான் உயிர். எனக்குக் கிடைத்தவற்றில் முன்பு வைத்திருந்த புண்ணியவான் அதைத்தான் முதலில் கிழித்திருப்பான்.

பிரிட்டன் வான்போர் பற்றிய அந்தக் காலத்துப் புத்தகம் எதைத் திறந்தாலும் ஒரு தேதிக்கு வந்து நிற்கும்: 1940 செப்டம்பர் 15. அன்று மட்டும் வீழ்ந்த ஜெர்மன் விமானங்கள் 185. பிரிட்டன் அப்போது அறிவித்த எண் அது. வாய்ப்பாடு போல எனக்கு மனப்பாடம். கண்ணை மூடினால் நூற்றெண்பத்தைந்தும் கென்ட் வயல்களில் ஒவ்வொன்றாக விழும்.

போர் முடிந்து ஜெர்மன் விமானப்படையின் இழப்புப் பதிவேடுகள் கையில் கிடைத்தபோது அது ஏறக்குறைய 60 ஆயிற்று. யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. ஒரு ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளிலும் இருந்த குண்டு மொத்தம் பதினைந்து விநாடிச் சுடுதலுக்குத்தான் காணும். அந்த நேரத்துக்குள் மூன்று பேர் ஒரே விமானத்தைச் சுடுவார்கள், அது விழும், மூவரும் இறங்கிவந்து ஆளுக்கொன்று எழுதுவார்கள். தப்பிக்கச் செங்குத்தாகக் கீழே பாயும் மெஸ்ஸர்ஷ்மிட்டின் எஞ்சின் முழு விசையில் கரும்புகை விடும். மேலிருந்து பார்ப்பவனுக்கு அது எரிந்து விழுவதுதான். பல படைப்பிரிவுகளை ஒன்றாக அனுப்பவேண்டும் என்று பேடர் கட்சிகட்டி வாதாடிய பெரிய அணிமுறையில் இந்த ஊதல் இன்னும் அதிகம். கூட்டம் கூடினால் கணக்கும் கூடும், அவ்வளவே.

ஜப்பானிய விமானி சபுரோ சகாயின் 'சாமுராய்' இதைவிடப் பெரிய அடி. 1942 ஆகஸ்ட் 7 அன்று குவாடல்கனாலுக்கு மேலே தலையில் குண்டுபட்டு, ஒரு கண் போய், முகத்தில் ரத்தம் வழிய, ஜீரோ விமானத்தை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி ரபவுலில் இறக்கினாரே, அது நடந்ததுதான். நாலே முக்கால் மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்கிறார். ஆனால் அவர் எதிர்த்துப் பாய்ந்தவை புத்தகம் சொல்லும் அவெஞ்சர்கள் அல்ல, டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானங்கள். அட்டை முழங்கும் 64 வெற்றிகளைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டார்கள். புத்தகத்தை எழுத்தில் வடித்த மார்ட்டின் கெய்டின் கதை சொல்வதில் கெட்டிக்காரர். சந்தேகம் அங்கேயே வந்திருக்கவேண்டும், ஆனால் பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சந்தேகம் எதற்கு?

நம் வீட்டுக் கணக்கும் தப்பவில்லை. 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதா அருகே ஒரு நிமிடத்துக்குள் ஐந்து ஹன்டர்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் விமானி ஆலம் பெற்ற புகழை நம்மவர்கள் ஒப்புவதில்லை. பி.வி.எஸ். ஜகன்மோகனும் சமீர் சோப்ராவும் அந்த வான்போரைப் பற்றி 2005-இல் கொண்டுவந்த புத்தகம் இரு நாட்டு விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பாகிஸ்தான் கணக்குகள் சுருங்கின, நம் கணக்குகளிலும் சில சுருங்கின. நேர்மையான வேலை. எவர் கேட்டாலும் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

ஆல்ஃபிரட் பிரைஸின் 'தி ஹார்டஸ்ட் டே'யையும் அப்படியே சொல்வேன். 1940 ஆகஸ்ட் 18 என்ற ஒரே நாள், ஒரு முழுப் புத்தகம். எந்த விமானம், ஓட்டியது யார், எந்த இடத்தில் விழுந்தது என்று இரு தரப்பையும் பொருத்திப் பார்த்து எழுதியிருக்கிறார். மதிப்பு நிறைய உண்டு. ஆனால் இந்தப் புதிய புத்தகங்கள் எதற்காகவும் நான் போர்வைக்குள் டார்ச் லைட் அடித்ததில்லை. நான்கு பக்கம் படித்தால் பின்னிணைப்புக்குப் போய் அட்டவணையைச் சரிபார்க்கிறேன். படிப்பவனாக இருந்தவன் தணிக்கையாளன் ஆகிவிட்டேன்.

எண்ணாத புத்தகங்களும் உண்டு. ஸ்பிட்ஃபயரில் எரிந்த கையோடும் முகத்தோடும் பிழைத்து 'தி லாஸ்ட் எனிமி' எழுதிய ரிச்சர்ட் ஹிலரி, பிடிவாதமாக மறுபடி பறக்கப்போய் 1943 ஜனவரியில் 23 வயதில் விழுந்து செத்தார். பிரெஞ்சு விமானி செயின்ட் எக்சுபெரி 1940 மே மாதம் அராஸ் நகருக்கு மேலே பறந்த ஒரே ஓர் உளவுப் பயணத்தைப் புத்தகமாக்கினார். தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு நாட்டின் புத்தகம் அது. இவர்களை எந்த இழப்புப் பதிவேடும் தொடமுடியாது. வயதாக ஆக நன்றாகவே இருக்கிறார்கள். அதனாலேயே இவர்கள்மேல் எனக்கு ஏக்கமில்லை. கூடவேதான் வருகிறார்களே. விட்டுவந்தது அந்த இரண்டாந்தரப் புத்தகங்களைத்தான், 185 என்றால் 185 என்று அடித்துச் சொன்னவற்றை.

பேடர் கதையை மறுபடி வாங்கிப் பார்த்தேன், பழைய பான் பதிப்பே கிடைத்தது. செப்டம்பர் 15-க்கு வந்ததும் பென்சில் தேடிக்கொண்டு எழுந்துவிட்டேன். சகாயின் புத்தகத்தை இன்னும் வாங்கவில்லை. திருவல்லிக்கேணி நடைபாதையில் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் எடுப்பேன். அடிக்குறிப்புப் போட்டுத் திருத்திய பதிப்பு ஏதாவது இருந்தால் அது வேண்டாம். அவெஞ்சர் என்று அவர் சொன்ன இடத்தில் அவெஞ்சரே இருக்கட்டும். அட்டையில் 64-க்கு ஒன்றுகூடக் குறையக்கூடாது.