அம்மாவின் காதும் இரண்டு மீட்டர் ஒயரும்

தாத்தா விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் நாற்பது எல்.பி. இசைத்தட்டுகள் இருந்தன. போட்டுக் கேட்க பிளேயர் இல்லாமல் வருஷக்கணக்காகத் தூங்கிக் கிடந்தன. அம்மாவின் 55-வது பிறந்தநாளுக்கு ஒரு டர்ன்டேபிள் வாங்கி ஹால் ஜன்னலோரம் வைத்தேன். போனோ ப்ரீஆம்பும் ஆம்ப்ளிஃபயரும் எதிர் மூலையில். நடுவே சுவரோரமாக இரண்டு மீட்டர் ஒயர்.

முதலில் போட்டது எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதம். கண்மூடிக் கேட்ட அம்மாவின் முகம் கொஞ்ச நேரத்தில் சுருங்கியது.

“ஏண்டி, ‘ஸ’ வர்ற இடமெல்லாம் காதுல ஊசி குத்தற மாதிரி இருக்கே? இது எம்.எஸ். குரலாவே இல்லையே!”

“எனக்கு நல்லாத்தானே கேக்குது. உனக்கு வயசாகுதும்மா, ஒரு தடவை காதைக் காட்டிடலாமா?” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, பாட்டு கிளாசுக்கு வந்த குழந்தைகளிடம், “அடுத்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்” என்று அம்மா சொல்வது காதில் விழுந்தது. பகீரென்றது. முப்பது வருஷமாகச் சுருதி பிசகாமல் சொல்லிக்கொடுப்பவர்!

அன்றே ஊசியைத் துடைத்தேன். அழுத்தம் சரியாக 2 கிராம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆனாலும் அதே ‘ஸ்ஸ்ஸ்’. மறுநாள் ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“ப்ரீஆம்புக்குப் போற ஒயர் எவ்வளவு நீளம்மா?”

பிறகு நிதானமாக விளக்கினார். கார்ட்ரிட்ஜுக்குள் ஊசியோடு சேர்ந்து ஒரு குட்டிக் காந்தம் ஆடுகிறது. பக்கத்தில் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்தச் சுருளும் ஒயரில் இருக்கும் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்தால் ஒரு ஊஞ்சல் மாதிரி. ஏதோ ஒரு அதிர்வெண் வரும்போது வேகமாக வீசி ஆடும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ப்ரீஆம்பில் 47,000 ஓம் லோடு. ஆனால், கெப்பாசிட்டன்ஸ் கூடிவிட்டால் ஆட்டம் கீழே இறங்கி, நம் காதுக்கு நன்றாகக் கேட்கும் இடத்துக்கு வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து கார்ட்ரிட்ஜ் கையேட்டைப் புரட்டினேன். 100 முதல் 200 பிகோஃபாரட் வரை இருக்கலாம் என்றிருந்தது. பிகோஃபாரட் என்றால் ஒரு ஃபாரட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! எங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஒயரில் மீட்டருக்கு 100 வீதம் 200. ப்ரீஆம்பின் பின்பக்க ஸ்விட்ச்சில் 200. டர்ன்டேபிளின் உள் ஒயருக்கு ஒரு 50. ஆக மொத்தம் 450. அந்தக் கம்பிச்சுருளோடு கணக்குப் போட்டால், 15,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்க வேண்டிய ஆட்டம் 10,000-க்கு இறங்கியிருந்தது. ‘ஸ’ சத்தம் பெரும்பாலும் 5,000 முதல் 10,000 வரைதான். அம்மா சொன்ன அதே இடம்.

ப்ரீஆம்பைத் தூக்கி டர்ன்டேபிள் பக்கத்திலேயே வைத்தேன். அரை மீட்டர் ஒயர் போட்டு, ஸ்விட்ச்சை 50-க்குத் தள்ளினேன். இப்போது மொத்தம் 150. நீள ஒயரை ப்ரீஆம்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே மாற்றினேன். அங்கே நீளத்தால் தொந்தரவில்லை என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் அதே தட்டைப் போட்டேன். அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார்.

“என்னடி பண்ணினே? எம்.எஸ். வந்துட்டாளே!”

“உன் காது சரியாத்தாம்மா இருக்கு. நான்தான் ஒயரைத் தப்பாப் போட்டுட்டேன்” என்றேன். அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுவிட்டு, “குழந்தைகளுக்கு போன் பண்ணு. திங்கக்கிழமை வழக்கம்போல கிளாஸ் உண்டுன்னு சொல்லு” என்றார்.