ட்ரைபாட் நிற்கும் நிலம் யாருடையது?

கலிஃபோர்னியாவின் இன்யோ கவுண்டியில் படமெடுக்க வேண்டும் என்று யாராவது வந்தால், கதை கேட்பதற்கு முன்பே ஒரு வரைபடத்தை விரித்துவிடுவேன். எந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்று நிறம் பிரித்துக் காட்டும் வரைபடம் அது. பத்தாயிரம் சதுர மைலுக்கு மேல் பரந்து கிடக்கும் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 19,000 பேர்தான் வசிக்கிறார்கள். தனியார் நிலம் நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் கிடையாது. ஊர்க்காரர் ஒருவரிடம் பேசி, ஒரு தொகை கொடுத்து, மறுநாளே ஷூட்டிங்கைத் தொடங்குவது அங்கே அபூர்வம்.

லோன் பைன் ஊரை ஒட்டிய அலபாமா குன்றுகளையே எடுத்துக்கொள்வோம். துருவேறிய நிறத்தில் உருண்டு திரண்ட பாறைகள். அவற்றுக்குப் பின்னால் சியரா நெவாடா மலைத்தொடர், 14,505 அடி உயர விட்னி சிகரம். 1939இல் வெளியான ‘கங்கா தின்’ படத்தில் இந்தியாவின் வடமேற்கு எல்லையாக வேடம் கட்டிய இடம் இதுதான். 2008இல் ‘அயர்ன் மேன்’ படத்துக்காக ஆஃப்கானிஸ்தானாகவும் மாறியது.

பாறைகள் இருப்பது மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் நிலத்தில். அவற்றுக்கு மேலுள்ள மலைச்சரிவு வனத்துறையுடையது. குன்றுகளுக்குப் போகும் விட்னி போர்ட்டல் சாலை கவுண்டியின் பராமரிப்பில் இருக்கிறது. கீழே ஓடும் 395ஆம் எண் நெடுஞ்சாலையில் போக்குவரத்தை நிறுத்த வேண்டுமானால் மாநிலத் திரைப்பட ஆணையத்துக்குப் போக வேண்டும். கேமராவின் கண்ணில் ஐந்தாறு பேருடைய நிலம் ஒரே ஷாட்டில் விழுந்தாலும், விழுந்ததற்கெல்லாம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் கால், வண்டிச் சக்கரம், கேபிள் எங்கே படுகிறதோ அந்த நிலத்துக்குத்தான் கேட்க வேண்டும். அதனால், இயக்குநர் காட்டும் ஃபிரேமுக்குள் நான் பார்ப்பதைவிட அதற்கு வெளியே பார்ப்பதுதான் அதிகம். ஜெனரேட்டர் எங்கே நிற்கும், யூனிட் எங்கே சாப்பிடும், நூறு பேருக்குக் கழிப்பறை எங்கே வைப்பது?

குன்றுகளுக்குக் கீழே விரியும் பள்ளத்தாக்கின் புல்வெளிகளுக்கு வேறொரு கதை உண்டு. 1913இல் திறக்கப்பட்ட நீண்ட கால்வாய் வழியாக இங்கிருந்துதான் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் போனது. அந்தத் தண்ணீருக்காக நகரம் வாங்கிப்போட்ட நிலம் இன்றும் அதன் நீர், மின் துறையிடமே இருக்கிறது. அங்கே மாடு மேய்க்கும் பண்ணைக்காரர்கள் பலரும் குத்தகைதாரர்கள். கையெழுத்துப் போடுவது துறைதான் என்றாலும் பண்ணைக்காரரை முதலில் பார்ப்பது என் வழக்கம். எந்தக் கதவைத் திறந்துவிட்டால் மாடு நெடுஞ்சாலைக்கு வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். தன்னைக் கேட்காமல் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் நினைக்கும்படி ஒருபோதும் நடந்துகொள்ளக் கூடாது.

விண்ணப்பத்தை எழுதுவதும் திரைக்கதை எழுதுவதற்குச் சமமான வேலை என்றே நினைக்கிறேன். ‘பாலைவனத்தில் ஒரு துரத்தல்’ என்று எழுதினால் அதிகாரியால் எதையும் முடிவுசெய்ய முடியாது. எத்தனை வண்டிகள், எந்தப் பாதையில், என்ன வேகத்தில், குதிரைகள் உண்டா, வெற்றுத் தோட்டா உண்டா, புகை உண்டா, ட்ரோன் பறக்குமா என்று எழுதினால்தான் தொல்லியலாளரும் வனவிலங்கு அறிஞரும் பார்த்துப் பதில் சொல்ல முடியும். பூர்வகுடிகளான பையூட், ஷோஷோனி மக்களின் முன்னோர் வாழ்ந்த மண் இது. நமக்கு வெறும் பாறையாகத் தெரிவது அவர்களுக்கு அப்படியல்ல. அதிகாரி ஒரு பாறையை விட்டுவிடச் சொன்னால் ஏன் என்று வாதாடாமல் அடுத்த பாறைக்கு நகர்ந்துவிடுவேன்.

நேரத்தையும் துல்லியமாகக் கேட்க வேண்டும். மலைத்தொடர் மேற்கே இருப்பதால் விட்னியின் முகத்தில் வெயில் விழுவது காலையில்தான். பிற்பகலில் சூரியன் அதன் பின்னால் போய்விடும். விடியலுக்கு முன்பே இறங்க அனுமதி வாங்காவிட்டால், இவ்வளவு தூரம் வந்ததற்கே அர்த்தமில்லை. காப்பீட்டுச் சான்றிதழ் தனிக் கதை: பெரும்பாலும் பத்து லட்சம் டாலருக்குக் கேட்பார்கள், நிலத்துக்குரிய ஒவ்வொரு துறையின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தால், தேசியப் பூங்காக்களில் சிறிய குழு, கையில் தூக்கிச் செல்லும் கருவிகளோடு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதிச் சீட்டு இல்லாமலே படமெடுக்கலாம். மரணப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் போகும் சின்னக் குழுக்களுக்கு இது பெரிய விடுதலை, எனக்கும் மகிழ்ச்சி. ஆனாலும் போவதற்கு முன் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள் என்றே சொல்வேன். எந்தச் சாலை வெள்ளத்தில் போயிருக்கிறது என்பதைச் சட்டம் சொல்லாது.

யூனிட் இறங்குவதற்கு முன்பே ஒவ்வொரு இடத்தையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பாலைவன மண்ணின் மேலோடு மெல்லியது. சாலையை விட்டு விலகிய ஒரு டயர்த் தடம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடைசி வண்டி கிளம்பியதும் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியோடு சேர்ந்து நடப்பேன். ஒட்டிய டேப், சிதறிய மரத்தூள், புரட்டிப்போட்ட கல் என்று எது கண்ணில் பட்டாலும் அங்கேயே சரிசெய்வோம். அவருக்குத் திருப்தியான பிறகுதான் முன்கூட்டிக் கட்டிய பிணைத்தொகையைத் திரும்பப் பெறுவதைப் பற்றிப் பேச்செடுப்பேன்.