நாடி பார்த்து ஊசி

பாளையங்கோட்டையில் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கக் கற்றுத்தரும் இடங்கள் இரண்டு. அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் வந்தது. ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி அடுத்த வருஷம். முன்னதில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கிறார்கள். பின்னதில் அதே தமனியைத் தடவி ஊசி போடப் பழகுகிறார்கள். சித்த நாடி பற்றி எழுதப்போவதாகச் சொன்னபோது, மயக்க மருந்து டாக்டரான நண்பர், "எங்க சிஸ்டர் ஒருத்தங்க நாடி பிடிக்கதையும் பாத்துட்டு எழுதுங்க" என்று தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஐசியூவுக்குக் கூட்டிப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்பது இருக்கட்டும்.

முக்கூடல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மூச்சிளைப்போடு படுத்திருந்தார். நாற்பது வருஷமாக பீடி குடிப்பவர். விரல் நுனியில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 90 என்று காட்டியது. "கூட்டி வைங்க டாக்டர்" என்று மகன் கெஞ்சினார். நண்பர் மறுத்துவிட்டார். இப்படி நெடுநாள் புகையில் கெட்ட நுரையீரலுக்கு 88க்கும் 92க்கும் நடுவே இருந்தால் போதும்; அதற்கு மேல் ஆக்சிஜனை ஏற்றினால் கரியமில வாயு உள்ளே தேங்கும். அந்தத் தேக்கத்தை விரல் கருவி காட்டாது. தமனி ரத்தம்தான் காட்டும். அந்தப் பரிசோதனைக்கு வார்டில் ஏபிஜி என்று பெயர்.

சிஸ்டர் வந்தார். சிரிஞ்சில் ஹெபாரினை இழுத்து, உட்புறம் நனைந்ததும் முழுதும் வெளியே தள்ளினார். மிச்சம் இருந்தால் ரத்தம் நீர்த்து, கரியமில வாயு பொய்யாகக் குறைந்து தெரியுமாம். "தாத்தா, கைய இறுக்கி மூடுங்க." மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் அமுக்கினார். விரித்தபோது உள்ளங்கை வெளுத்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் விட்டார். சில விநாடிகளில் சிவப்பு ஏறியது. ஊசி குத்தும் தமனி அடைத்துக்கொண்டாலும் கைக்கு ரத்தம் போக வேறு வழி இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். 1929இல் எட்கர் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்ன சோதனையின் திருத்திய வடிவம்.

பிறகு இரண்டு விரலை வைத்துக் காத்திருந்தார். காத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பயிற்சி டாக்டர்கள் அவசரப்படுவது இங்கேதான் என்றார். "சுருக்குன்னு இருக்கும், கைய இழுத்துராதிய." 45 டிகிரி சாய்வில் ஊசி இறங்கியது. அவர் பிஸ்டனைத் தொடவே இல்லை. துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் தானாக ஏறியது. "இழுத்தா சிரை ரத்தமும் வந்துரும், அப்புறம் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுல்லா."

காற்றுக்குமிழியை வெளியேற்றி, மூடி, உள்ளங்கைகளுக்கு இடையே சிரிஞ்சை உருட்டினார். இன்னொரு நர்ஸ் மணிக்கட்டில் பஞ்சை அமுக்கியபடி ஐந்து நிமிடம் நின்றார். பார்ப்பவருக்கு அது சும்மா நிற்பதாகத்தான் தெரியும். விட்டால் கை நீலமாக வீங்கும்.

சிஸ்டரின் அம்மா மடியில் சொளவு வைத்து பீடி சுற்றியவர். மகளின் நர்சிங் ஃபீஸ் அந்தச் சொளவிலிருந்து வந்தது. மகளுக்குக் கிடைத்ததோ மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதிய வேலை. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஒப்பந்த நர்ஸ்கள் போராடியபோது இவரும் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தார். 2021இல், கொரோனா சமயத்தில், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்து திரவ ஆக்சிஜன் டேங்கர்கள் புறப்பட்ட நாட்களைக் கேட்டேன். "ஆக்சிஜன் வந்துட்டு. உள்ள எவ்வளவு சேருது, கழிவு எவ்வளவு தங்குதுன்னு பாக்கணும்லா? ராவும் பகலும் குத்திக்கிட்டே இருந்தோம்."

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோதும் இதே கேள்விதான். ரத்தத்தில் காரம் கூடிவிட்டது என்று டாக்டர்கள் நினைத்தார்கள். தேங்கியது கரியமில வாயு என்றார் மயக்க மருந்து டாக்டரான இப்சென். ஆய்வக டாக்டரான ஆஸ்ட்ரப் அளந்து நிரூபித்தார். அதை வெளியேற்ற மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டுக் கையால் பை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள்.

இங்கே பெரியவரின் சாம்பிள் தயார், அதை அளக்கும் எந்திரம் தயாரில்லை. காட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டதாம். இந்த வியாபாரத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எந்திரத்தைச் சும்மா மாதிரி கொடுத்துவிட்டு, காட்ரிட்ஜில் காசு பார்க்கிறார்கள். மாட்டியதிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம்தான் அதற்கு ஆயுசு. பத்து சாம்பிள் போட்டாலும் நூறு போட்டாலும் கெடு முடிந்தால் குப்பை. கூட்டம் இல்லாத ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு சொட்டும் தங்க விலை. ஏஜென்ட், கமிஷன், டெண்டர் என்று எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. நாடியைக் கண்டுபிடித்த விரலுக்கு மட்டும் கிடையாது.

அரை மணிக்குள் பார்த்தாக வேண்டும். மகன் சிரிஞ்சை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு, பைக்கில் தனியார் லேபுக்குப் பறந்தார். முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது. நண்பர் போட்ட அமில, காரக் கணக்கு எனக்கு ஏறவில்லை. 35இலிருந்து 45க்குள் இருக்க வேண்டிய கரியமில வாயு 68 என்பது மட்டும் புரிந்தது. ஆக்சிஜனைக் கூட்டாமல், முகத்தில் இறுக்கமான மாஸ்க் மாட்டி, மூச்சை உள்ளே தள்ளும் எந்திரத்தை ஓடவிட்டார்.

"ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுக்கணும் அண்ணாச்சி" என்றார் சிஸ்டர் மகனிடம்.

"அதுக்கும் அதே ரூவாதானாக்கா?"