பாத்தூர் மலையில் பொழுது விடியும்போது

பாலித் தீவுக்குப் போகும் எண்ணம் உண்டா? கிந்தாமணி வட்டாரத்திலுள்ள பாத்தூர் எரிமலையில் ஏறிச் சூரிய உதயம் கண்டு வாருங்கள். மலையின் உயரம் 1,717 மீட்டர். அடிவாரத்து ஏரிக்கரையே 1,000 மீட்டருக்கு மேல் இருப்பதால், நாம் ஏறவேண்டியது சுமார் 700 மீட்டர்தான். இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

முதல் நாளே ஏரிக்கரைக் கிராமமான தோயா புங்காவில் தங்கிவிடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும். பெரட்டுக்கு எழுந்து பழகிய நமக்கு இது பெரிதா? பால்வெட்டுக்குப் போனவர்கள் கட்டிய நெற்றி விளக்கு போன்று ஒன்று வேண்டும். இரண்டு கைகளும் ஊன்றிக்கொள்ளத் தேவைப்படும். கம்பளிச் சட்டை, தண்ணீர், பிடிப்புள்ள சப்பாத்து அவசியம். காலடியில் கல்லும் கருமணலும் உருளும். மழை குறைந்த ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம்.

புறப்படுமுன் எரிமலையின் நிலையை விசாரியுங்கள். இந்தோனேசியாவில் அதற்கு நான்கு படிகள் உண்டு. 2023 டிசம்பர் 3-இல் மேற்குச் சுமத்ராவின் மராப்பி எரிமலை இரண்டாம் படியில் இருந்தபோதே வெடித்தது. மலையேறச் சென்ற 24 பேர் மாண்டனர்.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 1926-இல் பாத்தூர் கக்கிய நெருப்புக் குழம்பு அடிவாரக் கிராமத்தையே மூடியது. மக்கள் மேட்டு விளிம்பில் குடியேறி, உலுன் டானு கோயிலை மறுபடி எழுப்பினார்கள். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு மலையின் குணம் தெரியும். மனிதரின் குணமும் தெரியும்.

நாங்கள் ஐவர், இரண்டு வழிகாட்டிகளோடு ஏறினோம். பாதி வழியில் எங்கள் மூத்த ஆசிரியருக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் கொஞ்சம்தானே, வாங்கண்ணே!" என்று வற்புறுத்தியவன் நான். மூத்த வழிகாட்டி கேட்கவில்லை. அவரை உட்காரவைத்து, "சூரியன் நாளைக்கும் வரும், ஐயா" என்றார். மற்ற மூவரும் இளையவரோடு உச்சிக்குப் போனார்கள். ஆகூங் மலையையும், கடலுக்கு அப்பால் லொம்போக் தீவின் ரிஞ்சானியையும் கண்டதாகச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் பாறையில் அமர்ந்து, கீழே ஏரி செம்பாக மின்னுவதைப் பார்த்தோம்.

ஊர் திரும்பியதும் மருத்துவர் அண்ணனைச் சோதித்து, இருதயத்தில் அடைப்பு என்றார்.

நான் சொன்ன அந்த "இன்னும் கொஞ்சம்தானே" இன்றும் என்னைக் குத்துகிறது. நாற்பதைக் கடந்தவர்களே, முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்புங்கள். வழிகாட்டி போதும் என்றால், அதுவே உங்களுக்கு உச்சி.